நாற்காலிப் பக்கத்திலிருந்து

அப்பாவுக்குப் படமெடுக்க வராது. தலையை வெட்டிவிடுவார், ஓரத்தில் கட்டைவிரல் வந்து விழும். வீட்டு ஆல்பம் முழுக்க அந்த லட்சணம்தான்.

அவர் இறந்துபோன மறுநாளிலிருந்து, புகைப்படக்காரியான மகள் தினமும் நாலரை மணி வெயிலில் அவருடைய காலி நாற்காலியைப் படமெடுத்தாள். நாளுக்கு ஒன்று என்று ஒரு வருஷம், முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

கண்காட்சிச் சுவரில் எல்லாவற்றையும் மாட்டிய தம்பி எண்ணிப் பார்த்தான். "அக்கா, முந்நூத்தி அறுபத்தாறு இருக்கே."

கூடுதலாக இருந்த படத்தில் நாற்காலி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து யாரோ எடுத்தது போல, எதிரே தன் கேமராவுக்குப் பின்னால் அவள்தான் நின்றிருந்தாள். ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல்.

"கழட்டிடவா?"

"தலைய வெட்டல பாரு," என்றாள். பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. "நடுவுல மாட்டு."

அதன் பெயர்ச்சீட்டில் தன் பெயரை அடித்துவிட்டு, 'படம்: அப்பா' என்று எழுதினாள்.