குதிரை மட்டும்

"போர்வை, சட்டி, தையல் மெஷின்னு எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டியே லவோன், வீட்டுல இனி என்ன இருக்கு?" டெல்மர் வாசலை மறித்து நின்றான்.

"அதான் நீ இருக்கியே, போதாதா? தள்ளுய்யா! ஊர் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுடாதே" என்றாள் மனைவி.

அவள் அண்ணன் ராய்ஸ் கொட்டகைக்குப் போய்க் குதிரையின் கயிற்றைப் பிடித்தான். டெல்மர் பாய்ந்துபோய் அவன் கையைத் தட்டிவிட்டான்.

"குதிரையை மட்டும் தொடாதே, மச்சான்!"

"உனக்கு இவ்வளவு கஞ்சத்தனமா, மாப்பிள்ளை?"

டெல்மர் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

மத்தியானம் திருவிழாத் திடலில் முரசு ஓய்ந்தது. சாகக் கிடந்து பிழைத்த மகள் டானெல், முதன்முறையாக ஊர் வட்டத்தில் ஆடி முடித்திருந்தாள். பிள்ளைக்குச் சிறப்பு வந்தால் பெற்றவர்கள் வீட்டையே வாரிக் கொடுப்பது அமெரிக்கப் பழங்குடியான லகோட்டா மக்களின் வழக்கம். லவோன் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தாள்.

கடைசியாக டெல்மர் குதிரையை நடத்திவந்து, மகளுக்கு ரத்தம் கொடுத்த பக்கத்து ஊர்க்காரர் கையில் கயிற்றை வைத்தான்.

ராய்ஸ் திகைத்தான். "தொடாதேன்னு அந்தக் கத்து கத்தினே?"

"அவ எனக்கும் மகதானே மச்சான்! நான் என் கையால கொடுக்க, உன் தங்கச்சி வேற எதை மிச்சம் வெச்சா?"