தெருவைப் பார்த்த ஒலிபெருக்கி

"அண்ணை, அந்தப் பொம்பிளை இண்டைக்கும் வந்து நிக்கிறாவோ?"

வாசல் காவலில் நின்ற பத்மநாதன் கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தார். தூறலில் முப்பது நாற்பது பேர் பதாகைகளோடு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் கறுப்புக் கோட்டில் அவள்.

"ஓம் தம்பி. முன்னுக்குத்தான் நிக்கிறா. இண்டைக்குச் சனமும் கூட."

கேட்டவன் சிவானந்தன். ஆங்கிலேயத் தலைநகரின் லூயிஷாம் பகுதியில் இருந்த அந்தச் சின்ன அரங்கின் ஒலிப்பகுதியை அவன் பொறுப்பெடுத்து அதிக காலம் ஆகவில்லை. 1993ஆம் ஆண்டு அது. பொஸ்னியாவில் சண்டை மூண்டு பிணங்கள் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், செர்பியாவிலிருந்து மிலென்கோ என்றொரு கலைஞன் கச்சேரி செய்ய வந்திருந்தான்.

மிலென்கோ கொண்டு வந்தவை இரண்டே வாத்தியங்கள். மடியில் வைத்து வில்லால் இழுக்கும் ஒற்றைத் தந்தி குஸ்லே; இடையர்கள் ஊதும் ஃப்ரூலா என்ற மரக்குழல். அவன் வாசிக்க வாசிக்க, நாடாவில் பதிந்த தண்ணீர்ச் சொட்டையும் ரயில் ஓசையையும் கதவுச் சத்தத்தையும் வெட்டி, திருப்பி, அதோடு கலந்து விடுவது சிவானந்தனின் வேலை. பத்திரிகைக்காரர்கள் புதுமை என்று புகழ்ந்தார்கள். வெளியே நின்ற பொஸ்னிய அகதிகளுக்கோ அது எதிரியின் வாத்தியம். அந்தத் தந்தியில் போர்ப்பாட்டுப் பாடிக்கொண்டுதான் எங்கள் ஊர்களை எரித்தார்கள் என்று கத்தினார்கள்.

முதல் நாள் மிலென்கோ அந்தப் பெண்ணிடம் ஏதோ பேசப் போனான். அவள் அவன் முகத்தில் காறித் துப்பினாள். துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவன், பொலிஸைக் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். அடுத்த நாள் யாரோ எறிந்த போத்தல் வாசல் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை நொறுக்கியது. வெளியே நிற்பவர்களைச் சீண்டும்படி ஏதும் நடந்தால் உன் வேலை போய்விடும் என்று முகாமையாளர் சிவானந்தனை எச்சரித்திருந்தார்.

இன்று கடைசி நாள். விடிந்தால் மிலென்கோவுக்கு விமானம். மேடை ஏறுவதற்குச் சற்று முன்தான் அவன் ஒரு கசற்றைக் கொண்டுவந்து சிவானந்தனின் கையில் வைத்தான். இடையில் இதைப் போட வேண்டும். ஓர் ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

எதற்கு என்று கேட்டதற்கு மிலென்கோ, "அவள் கேட்டே ஆகவேண்டும்" என்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

சிவானந்தன் விஷயத்தைப் பத்மநாதனிடம் சொன்னான்.

"விசர் வேலை பாக்காதை" என்றார் அவர். "துப்பினதுக்குப் பழி வாங்கப் பாக்கிறான். பிறகு போத்தலோட நிக்காது."

"போட்டுக் கேட்டனான் அண்ணை. ஒரு சின்னப் பிள்ளையின்ர குரல். பாஷை விளங்கேல்லை."

"பிள்ளையளைக் கொண்டும் சண்டைப் பாட்டுப் பாடுவிப்பாங்கள். எங்களுக்குத் தெரியாததோ?"

பத்து வருடத்துக்கு முன், ஊரில் தமிழர்களின் வீடுகள் எரிந்தபோது, இதே நகரத்தில் சிவானந்தனும் பதாகை பிடித்து, தொண்டை கிழியக் கத்தியவன்தான். வெளியே நிற்பவர்களின் கோபம் அவனுக்குப் புதிதல்ல. ஆனால் இத்தனை நாளில் மிலென்கோ ஒரு கடும் சொல் பேசி அவன் கேட்டதும் இல்லை. கடைசியில் ஒலிபெருக்கி ஒன்றைத் தூக்கிப்போய், உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்து வைத்தான்.

குஸ்லே அழுவதுபோலத் தொடங்கியது. தெருவில் கூச்சல் எழுந்தது. கதவை யாரோ உதைத்தார்கள். பத்மநாதன் இரு கைகளாலும் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றார். மேடையிலிருந்து மிலென்கோ தலையசைத்தான். சிவானந்தன் வியர்த்த விரலால் பொத்தானை அழுத்தினான்.

பிள்ளையின் குரல் அரங்கிலும் தெருவிலும் ஒன்றாக எழுந்தது. ஏதோ சொன்னது, சிரித்தது, மீண்டும் சொன்னது.

வெளியே கூச்சல் சட்டென்று அடங்கியது. அடுத்த கணம் ஓர் அலறல். பதாகையை எறிந்துவிட்டு அந்தப் பெண் ஓடிவந்தாள். பத்மநாதனைத் தள்ளிக்கொண்டு கதவைத் தாண்டினாள். சபை எழுந்து ஒதுங்கியது. மிலென்கோவின் வில் நின்றுவிட்டது. அவன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவள் மேடைக்குப் பாயப்போகிறாள் என்று பயந்து சிவானந்தன் நாடாவை நிறுத்தக் கை வைத்தான்.

அவள் சிவானந்தனிடம் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதே" என்றாள், உடைந்த ஆங்கிலத்தில். "தயவுசெய்து, நிறுத்தாதே."

குரல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேடையைப் பார்த்தபடியே சொன்னாள்: "போன வருடம் என் வீட்டின் மேல் ஷெல் விழுந்தது. உள்ளே இருந்த என் ஆறு வயது மகள் போய்விட்டாள் என்றார்கள். அடித்தது இவனுடைய ஆட்கள். அதன் பிறகு இவன் சொன்ன எதையும் நான் காதில் வாங்கவில்லை."

அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று சிவானந்தன் மெல்லக் கேட்டான்.

"'அம்மா, இன்றைக்கு எனக்கு ஏழு வயது, அப்பா கேக் வாங்கித் தந்தார்' என்கிறாள்" என்று சொல்லிவிட்டு, அவள் மேடையில் இருந்த தன் கணவனை நோக்கி நடந்தாள்.