உள்ளங்கைக்கு அடியில் கடைசி வரி

அச்சகத்தின் மாடி அறை. ஜன்னல் வெயில் மேசைமேல் தாள்களோடு தாளாகப் படுத்திருக்கிறது. மேடையேறினால் ஓர் அரங்கையே குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைக்கும் தம்பி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து அக்காவின் உதட்டையே பார்க்கிறான். அவள் இங்கே பிழை திருத்துபவள். அவள் சிரித்தால்தான் அவனுடைய நகைச்சுவைப் புத்தகம் அச்சேறும் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். சிவப்புப் பேனா வரிவரியாக இறங்குகிறது. உதடு அசையவே இல்லை. கீழே இயந்திரம் தடதடக்கிறது. "கமா எல்லாம் சரியா இருக்குடா. சிரிப்புதான் வரல." "கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்ச ஜோக், அக்கா!" "இங்க கடைசி வரி முன்னாடியே கண்ணுல பட்டுடுதே." தம்பி எட்டிப் பார்க்கிறான். சட்டென்று அந்த வரியை உள்ளங்கையால் மூடுகிறான். "இப்பப் படி."

'என் மனைவி ஒரே ஒரு தடவைதான் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள்.' அக்கா நிமிர்கிறாள். "அப்படி என்னடா சொன்னே? கையை எடு!" மேடையில் நிற்பதுபோலவே ஒரு மூச்சு தாமதித்து, அவன் கையை எடுக்கிறான். 'தப்பு என்மேல்தான் என்றேன்.' பக்கென்று வெடிக்கிறது சிரிப்பு. அக்காவின் கண்ணாடி நழுவுகிறது, பேனா உருண்டு ஓடுகிறது. "அந்த வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிடுக்கா. புரட்டுற நேரம் போதும்." "பாதிப் பக்கம் வெள்ளையா நிக்குமே, முதலாளி கத்துவார்." "கத்தட்டும். மேடையிலயும் அந்த இடத்துல நான் சும்மாதான் நிப்பேன்." அடுத்த தாளுக்கும் அவன் கையை நீட்ட, அக்கா அதைத் தட்டிவிட்டுத் தன் உள்ளங்கையைக் கடைசி வரிமேல் வைக்கிறாள். "நீ சும்மா இரு. நானே எடுத்துக்கிறேன்."