மாமாவைத் திருப்பிப் போடுதல்

நர்சிங் முதலாண்டில் நாங்கள் ஊசி போட்டுப் பழகியதும் குளிப்பாட்டிப் பழகியதும் மாமாவைத்தான். பயிற்சிக்கூடத்துக் கட்டிலில் மல்லாந்து கிடக்கும் ரப்பர் பொம்மைக்கு அந்தப் பெயரை எவள் வைத்தாளோ தெரியாது.

லீவு விடுவதற்கு முந்தைய நாள், விரிப்பை மாற்றும்போது மாமாவின் முதுகில் படுக்கைப் புண்ணைப் பார்த்தேன். ஓரம் சிவந்து, நடுவில் ஈரமாக இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அசரவே இல்லை.

"திருப்பிப் போடாம விட்டா புண்ணு வரத்தானே செய்யும்? பாத்தவதான் பாத்துக்கணும்."

பயிற்சிக்கூடத்துச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

விடுதி காலியானது. நான் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாமாவைத் திருப்பினேன்.

"பொம்மைக்கு உடம்பு சரியில்லைன்னு எவளாவது வீட்டுக்கு வராம இருப்பாளாடி?" என்று அம்மா போனில் கத்தினாள்.

"புண்ணு ஆறிக்கிட்டு வருதும்மா."

அது உண்மைதான். முழுக்க ஆறியதும் கிளம்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டி, கதவோரம் வைத்திருந்தேன்.

இன்று மதியம் அலுப்பில் பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து கண்ணயர்ந்தேன். விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன். முதுகுக்கு ஒரு தலையணை அண்டக் கொடுத்திருந்தது. முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே, கச்சிதமாக. கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளும் ஏற்றியிருந்தன.

மாமாவின் காலிக் கட்டிலில், நோயாளி வீட்டுக்குப் போனபின் விரிப்பதுபோல், புது விரிப்பு விரித்திருந்தது. கதவோரம் பெட்டியைக் காணோம்.

கம்பியை இறக்கக் கையை நீட்டப் பார்த்தேன். கை அசையவில்லை.

கல்லூரி திறக்க இன்னும் நாளிருக்கிறது.