ஓடிப் பார்த்து வாங்குவது

"கார் வாங்கிறதெண்டால் முதல்ல ஓடிப் பாக்கவேணும் அண்ணை," என்றான் டிலக்‌ஷன்.

பெனடிக் தன் பழைய காரின் திறப்பைக் கொடுத்து அவனை ஓட்டவிட்டுப் பக்கத்தில் ஏறினார். பின்சீற்றில் டிலக்‌ஷனின் தாயும் சின்னம்மாவும் மாமாவும் பட்டும் வேட்டியுமாக ஏறினார்கள்.

"பாரத்தோட இழுக்குதோ எண்டு பாக்கத்தான்," என்றான் டிலக்‌ஷன்.

பள்ளிமுனையில் புறப்பட்ட கார் நானாட்டானில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. பலகாரம் வந்தது. பின்னால் தேநீர்த் தட்டோடு ஒரு பெண் தலைகுனிந்து வந்தபோதுதான் பெனடிக்குக்கு விஷயம் விளங்கியது.

புறப்படும் நேரம், பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த 'விற்பனைக்கு' என்ற தாளைப் பெண்ணின் தகப்பன் நின்று வாசித்தார். டிலக்‌ஷனுக்கு வியர்த்தது.

தகப்பன் பெனடிக்கை மட்டும் வேலியோரம் கூட்டிப்போனார்.

"தம்பி, எனக்கும் ஒரு கார் வேணும். ஆனால் ஓடிப் பாக்காமல் வாங்கமாட்டன். வாற ஞாயிறு கொண்டுவாங்கோ. நாங்களும் மாப்பிள்ளை வீடு பாக்கப் போகவேணும்."