மாப்பிள்ளை கையில் கடிகாரம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு பந்து மேலே போய்க் கீழே இறங்குவதற்குள் முடிந்துவிடுகிற கதை இது.

எங்கள் ஊர் கிரிக்கெட் டீமில் கடைசி ஓவர் என்றால் இருளப்பன்தான். அந்த ஓவருக்கு முன் அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கேப்டன் தவசியிடம் நீட்டுவார். தவசி அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு பந்தைக் கொடுப்பார். தவசி இருளப்பனின் தங்கையைக் கட்டியவர். இறுதிப் போட்டியன்று காலையிலும் மச்சான் வீட்டில் இட்டிலி தின்றுகொண்டே, "கடைசி ஓவர் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

சாயங்காலம் இருளப்பன் கடிகாரத்தை நீட்டினார். தவசி அதை வாங்கிக் கட்டிக்கொண்டார். பந்தை மட்டும், வெளியூரிலிருந்து கூட்டிவந்திருந்த புது ஆளிடம் தூக்கிப் போட்டார்.

"என்ன மாப்ள?"

"உங்க பந்து எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிருச்சு மச்சான். பவுண்டரிக்குப் போய் நில்லுங்க."

யாரோ சிரித்தார்கள். இருளப்பன் போய், கால்சட்டைப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றார்.

கடைசிப் பந்து. அடித்த அடியில் பந்து உயர எழும்பி இருளப்பன் தலைக்கு நேரே வந்தது. பிடித்தால் கோப்பை நமக்கு, விட்டால் அவர்களுக்கு.

"மச்சான், பிடிங்க மச்சான்" என்று தவசி கையைத் தூக்கிக் கத்தினார். அந்தக் கையில் கடிகாரம் வெயில் பட்டு மின்னியது. இருளப்பனின் கண் பந்தை விட்டு அதில் போய் நின்றது. கைகள் இன்னும் பைக்குள்ளேயே இருந்தன.

உங்கள் வீட்டில் நீட்டிய கை எதுவும் வெறுங்கையாகத் திரும்பாதிருக்கட்டும், கண்ணுகளா.