கோழி லொறிப் படம்

"கலியாண வீடியோ எங்கை எண்டு கேட்டால் என்ன சொல்லப் போறாய்?"

மெத்ரோ ரயிலில் ஏறியதிலிருந்து கூட்டாளி ஹென்றி இதையே கேட்டுக்கொண்டிருந்தான். துணைக்கு வருகிறேன் என்று வேலைக்கு லீவு போட்டவன், துணையைவிடத் தொந்தரவைத்தான் அதிகம் கொடுத்தான்.

"கசெற்றை மெசின் திண்டிட்டுது எண்டு சொல்லுவன்" என்றான் வலன்ரைன். "அஞ்சலீனாவுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். ரெண்டு பேரின்ரை பதிலும் ஒண்டா இருக்கோணும்."

"பைபிளிலை கை வைச்சுப்போட்டும் அப்பிடிச் சொல்லுவியோ?"

வலன்ரைன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சண்டை ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் மன்னாருக்குப் போய், பங்குக் கோயிலில் ஊர் கூடச் செய்த கலியாணம். திரும்பி வந்து மனைவி அஞ்சலீனாவைக் கூப்பிட விண்ணப்பித்தால், இது விசாவுக்காகக் கட்டிய கலியாணம் போலிருக்கிறது என்று கொழும்பு விசா அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். இன்று மேன்முறையீடு. இதிலும் தோற்றால் அவள் கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

காட்டுவதற்குக் கலியாண வீடியோவும் இல்லை. அவளிடமிருந்த கசெற்றில் கடற்காற்றுக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். இவனிடமிருந்த பிரதியின் கதை வேறு.

விசாரணை அறையில் தலை நரைத்த அம்மையார் ஒருவர் அதிகாரியாக இருந்தார். பக்கத்தில், மொழிபெயர்க்க, பேரின்பநாதன் அண்ணை. வலன்ரைன் சொல்லி முடித்த பிறகு கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து அஞ்சலீனாவை விசாரிப்பார்கள். அவன் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

சுற்றி வளைக்காமல் அம்மையார் அந்த இடத்துக்கே வந்தார்; பேரின்பநாதன் தமிழில் கேட்டார்.

"கலியாண வீடியோ எங்கையாம், தம்பி?"

மெசின் என்று சொல்ல வாயெடுத்தவன் தன் கையைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து பூசைக்கு உதவி செய்த கை அது. பைபிளைத் தொட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

"அழிச்சுப்போட்டன் அண்ணை."

"யோசிச்சுச் சொல்லும்" என்றார் பேரின்பநாதன் மெதுவாக.

"தெரியாமல் அழிச்சுப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை ரீவியிலை திடீரெண்டு அந்த லொறிப் படம் போட்டாங்கள். அவசரத்திலை வீடியோ டெக்குக்குள்ளை கிடந்த கசெற்றிலையே பதிஞ்சிட்டன். முதல்நாள் இரவு கலியாணத்தைப் பாத்திட்டு, வெளியிலை எடுக்க மறந்துபோனன்."

"என்ன படம் எண்டு கேக்கிறா."

கேட்டிருக்கவே கூடாது. அந்தப் படத்தைப் பற்றி வலன்ரைன் வாயைத் திறந்தால் இலேசில் மூடமாட்டான். சம்பளம் தராமல் ஏய்க்கிற முதலாளி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த லொறிக்காரன், ஒரு நாள் லொறியோடு கிளம்பிவிடுகிறான். பொலிஸ் கார்கள் வரிசையாகத் துரத்தி, வரிசையாகக் குளத்தில் விழும். கடைசியில் முதலாளியின் மகளுக்குக் கலியாண விருந்து நடக்கிற மாளிகைக்குள்ளே ஒரு லொறி கோழியைத் திறந்துவிடுவான். எடுத்தவர்களே மறந்துவிட்ட பழைய படம்தான். ஆனால் நகரத்து ஓரம் புவாண்ட்-கிளேரில் களஞ்சிய லொறி ஓட்டுகிற வலன்ரைனுக்கு, கிழமை முழுக்க முதலாளிக்குத் தலையாட்டிவிட்டு வந்து பார்க்க அதைப்போல ஒரு படம் கிடையாது. எத்தனை தரம் பார்த்தாலும் அந்தக் கோழிகள் பறக்கும்போது அவனுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

"இப்ப அந்தக் கசெற்றிலை, அஞ்சலீனா காராலை இறங்கிக் கோயில் வாசலுக்கு வாறது மட்டுந்தான் மிச்சம்" என்று முடித்தான். "கதவு திறக்க, லொறி வருது."

பின்னால் இருந்த ஹென்றி இருமுவதுபோலச் சிரித்தான். அம்மையார் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார்.

"இது மனிசிக்குத் தெரியுமோ?"

"தெரியாது. மெசின் திண்டிட்டுது எண்டுதான் சொன்னனான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் ஒன்று சொல்லப்போகிறாள், இவன் வேறொன்று சொல்லிவிட்டான். தன் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகை வந்தது.

கொழும்புக்கு லைன் கிடைத்தது. ஒலிபெருக்கியில் அஞ்சலீனாவின் குரல் கேட்டது. அவளும் சத்தியம் செய்தாள்.

"உங்கடை அவரிட்டை இருந்த கசெற்றுக்கு என்ன நடந்தது பிள்ளை?"

"மெசின் திண்டிட்டுது எண்டு சொன்னவர்."

வலன்ரைன் கண்களை மூடிக்கொண்டான்.

"சரி, உங்களிட்டை இருந்த கசெற்?"

லைன் அறுந்துவிட்டதோ என்று பேரின்பநாதன் தொலைபேசிப் பக்கம் குனிந்தார்.

"அவர் அங்கையோ இருக்கிறார்?"

"ஓம் பிள்ளை."

"அப்ப அவரை ஒருக்கா வெளியிலை விடுங்கோ. பிறகு சொல்லுறன்."

வலன்ரைனும் ஹென்றியும் வெளியே வந்தார்கள். கட்டியவனுக்கு மறைத்து அதிகாரியிடம் சொல்ல அவளுக்கு அப்படி என்ன இருக்கிறது? வலன்ரைன் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தான்.

மறுபடி கூப்பிட்டபோது பேரின்பநாதனின் முகம் சிவந்துபோயிருந்தது. அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உம்மடை கலியாணம் உண்மையான கலியாணந்தான் எண்டு ஏற்றுக்கொண்டாச்சு. மனிசி வரலாம்."

வலன்ரைன் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான். இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒரேயடியாக இறங்கிவிட்டது. வெட்கப்படாமல் அழுதான், அம்மையார் தள்ளிய கடதாசியில் மூக்கைத் துடைத்தான், 'மெர்சி' என்று பிரெஞ்சிலும் சொல்லிவைத்தான். பிறகுதான் கேட்டான்.

"அண்ணை, அவ என்ன சொன்னவ?"

"பூஞ்சணமும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றார் பேரின்பநாதன். "நீர் போனிலை சொல்லிச் சொல்லி, உம்மடை கோழிப் படத்திலை அவவுக்கும் ஆசை பிடிச்சிட்டுது. அங்கத்தை ரீவியிலை போட, டெக்குக்குள்ளை கிடந்த கசெற்றிலை பதிஞ்சுபோட்டா; முதல்நாள் இரவு கலியாணத்தைப் பாத்திட்டு, வெளியிலை எடுக்க மறந்துபோனாவாம்."